குட்டி போடும் மீன்களும் ஒரு வாளித் தண்ணீரும்

சுற்றிலும் கடல், கடல் நிறைய மீன். அப்படிப்பட்ட ஊரில் போய்க் கண்ணாடிப் பெட்டியில் மீன் வளர்ப்பார்களா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஃபீனிக்ஸ் பே போன்ற இடத்தில்தான் அதற்குத் தேவையும் அதிகம், பொறுப்பும் அதிகம்.

ஃபீனிக்ஸ் பே என்றால் அந்தமான்வாசிகளுக்குப் படகுத்துறை. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயரின் ஒரு பகுதி அது. ஹேவ்லாக்குக்கும் நீல் தீவுக்கும், ரங்கத்துக்கும் டிக்லிபூருக்கும் போகிற கப்பல்கள் இந்தத் துறையிலிருந்து புறப்படுகின்றன. பக்கத்திலேயே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை. துறைமுகம், பட்டறை, அரசாங்க அலுவலகங்கள், கடைகள் என்று பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் இந்நகரில் ஏராளம். ஒற்றை அறை, சின்னத் தாழ்வாரம், ஊருக்குப் போக வருஷத்தில் ஒரு லீவு. இதுதான் அநேகரின் வாழ்க்கை. நாய் வளர்க்க இடமில்லை. தோட்டம் போட மண்ணில்லை. இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் எந்த அறையிலும் ஒரு மூலை கிடைக்கும்.

அந்தத் தொட்டியில் முதலில் விட வேண்டிய மீன் எது என்று கேட்டால், சென்னைக் கொளத்தூரிலும் கல்கத்தா காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: கப்பி, பிளாட்டி, மோலி, வாள்வால் மீன். நான்கும் ஒரே குடும்பம். இவை முட்டையிட்டுவிட்டுப் போகிற ஜாதி அல்ல. வயிற்றிலேயே முட்டை பொரிந்து, நீந்தத் தெரிந்த குட்டிகளாகவே ஈனுகிற ஜாதி. அழகானவை, மலிவானவை, எளிதில் சாகாதவை. பெருகிக்கொண்டே போவதும் இவைதான். அந்தப் பெருக்கத்தில்தான் இன்பமும் இருக்கிறது, தொல்லையும் இருக்கிறது.

பெயர் வந்த கதை

கப்பி என்பது ஒரு மனிதரின் பெயர். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர், அங்கே பிடித்த சிறு மீன்களை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1866-இல் ஆல்பர்ட் குந்தர் என்ற விஞ்ஞானி அந்த மீனுக்குக் கப்பியின் பெயரைச் சூட்டினார். உண்மையில் அதே மீனை வெனிசுலாவிலிருந்து பெற்று 1859-லேயே ஜெர்மானியரான பீட்டர்ஸ் விவரித்துவிட்டிருந்தார். ஆகவே சாஸ்திரப் பெயரில் கப்பிக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனால் கடைக்காரர் வாயிலும் குழந்தைகள் வாயிலும் அவர் பெயர்தான் நிலைத்துவிட்டது.

வாள்வால் மீன் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மீன். ஆணின் வால் அடியில் வாள் போல ஒரு நீட்சி உண்டு. பிளாட்டியும் அதன் நெருங்கிய உறவு. இரண்டும் கலந்து குட்டி போடும். கடையில் விற்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு வகைகளில் பல, இப்படிக் கலந்து வளர்ப்பவர் கையில் உருவானவையே. மோலியும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி மீன்தான். ஆக, நான்கில் ஒன்றுகூட நம் நாட்டு மீனல்ல. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

தொட்டி வைக்கும் இடம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஆரம்பக்காரருக்கு இதுவே போதும். சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்ந்தால் எடை 65 கிலோவைத் தாண்டிவிடும். ஆடுகிற மேஜை, சுவரில் அடித்த பலகை, டெலிவிஷன் பெட்டியின் தலை இவையெல்லாம் உதவாது. அந்தமான் நிலநடுக்கம் அதிகமுள்ள பூமி. 2004 டிசம்பர் 26-ஐ அங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகவே தொட்டியை உயரத்தில் வைக்காமல், அகலமான அடித்தளம் கொண்ட தாழ்ந்த ஸ்டாண்டில் வைப்பதே புத்திசாலித்தனம். படுக்கைத் தலைமாட்டில் கண்டிப்பாகக் கூடாது. மின்சார பிளக், தண்ணீர் சிந்தினாலும் படாத உயரத்தில் இருக்க வேண்டும்.

ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். வெளிச்சமுள்ள நிழலே நல்லது. தொட்டிக்கு மூடி அவசியம். வாள்வால் மீன் துள்ளிக் குதிப்பதில் கெட்டிக்காரன். காலையில் எழுந்து பார்த்தால் தரையில் கருவாடாகக் கிடக்கும்.

குட்டி போடும் மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் போதும். போர்ட் பிளேயரில் வருஷம் முழுக்க ஏறக்குறைய அந்த நிலைதான், ஹீட்டர் வேண்டியதில்லை. சென்னையிலும் பம்பாயிலும் அப்படியே. டெல்லியிலும் வடக்கே வேறு ஊர்களிலும் இருக்கும் நம்மவர்கள் மட்டும் மார்கழி, தை மாதங்களில் ஹீட்டர் போடாமல் தீராது.

கடற்கரைப் பொருள் வேண்டாம்

தொட்டி வாங்கியவுடன் அந்தமானில் எவருக்கும் வருகிற ஆசை ஒன்று உண்டு. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பவளப் பாறைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து உள்ளே அடுக்கினால் எவ்வளவு அழகாக இருக்கும்! அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டும். பவளப் பாறைகளை உண்டாக்கும் பவளங்கள் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புலிக்குச் சமமான காப்புப் பெற்றவை. செத்த துண்டு தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோக நினைத்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சாதாரணக் கூழாங்கல்லைக் கடையில் வாங்கி, நன்றாகக் கழுவிப் போட்டாலே மீனுக்குப் போதும்.

பவளப் பாறையின் வண்ண மீன்களைப் பிடித்து வந்து இந்தத் தொட்டியில் விடுவதும் வீண் வேலை. அவை உப்புத் தண்ணீர் மீன்கள். நல்ல தண்ணீரில் அதிக நேரம் பிழைக்காது.

வாரம் ஒரு வாளி

இந்தத் தீவுகளில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நகரத்தில் தண்ணீருக்குத் திண்டாட்டந்தான். நகரத்துக்குக் குடிநீர் தருவதில் முக்கியமானது தனிக்காரி அணை. அதில் மட்டம் இறங்கினால் குழாய் நாள் விட்டு நாள் வரும். சில வருஷங்களில் இடைவெளி இன்னும் கூடும். குடிக்கவே தண்ணீர் பிடித்து வைக்கிற வீட்டில் மீனுக்கு ஏது தண்ணீர் என்று இல்லத்தரசி கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

பதில் இதுதான்: வாரம் ஒரு வாளி. 50 லிட்டர் தொட்டியில் வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய தண்ணீர் ஊற்றினால் போதும். அதாவது 12, 13 லிட்டர். எடுத்த தண்ணீரையும் கொட்ட வேண்டியதில்லை. மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நல்ல உரம். மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுத் தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரும் பாழ், மீனும் பாழ்.

ஏன் பாழ் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கூழாங்கல்லிலும் வடிகட்டும் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷமே. இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. அது அவ்வளவு தீங்கில்லை. வாரம் ஒரு வாளி மாற்றும்போது நைட்ரேட் குறைந்துவிடும். இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் அவ்வளவும் போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

ஆகவே முதல் மாதந்தான் கண்டம். அந்த மாதத்தில் மூன்று நான்கு மீனுக்கு மேல் விடக்கூடாது. தீனியும் குறைவாகவே போட வேண்டும். ஒரே நாளில் இருபது மீன் வாங்கி விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் பாதி செத்ததும் கடைக்காரரைத் திட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிற கதை. குற்றம் பெரும்பாலும் மீனிடம் இல்லை, பொறுமையின்மையில்தான் இருக்கிறது.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை இருந்தால் அகன்ற வாளியில் திறந்து 24 மணி நேரம் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரமென்றால் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து மீன் கடையில் கிடைக்கும். பஞ்சு வடிகட்டியைக் குழாயடியில் கழுவக்கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் நுண்ணுயிர் பிழைக்கும்.

மழைத் தண்ணீர் இனாமாகக் கிடைக்கிறதே என்று அதை மட்டும் ஊற்றுவதும் சரியல்ல. குட்டி போடும் மீன்களுக்குக் கொஞ்சம் கடினமான, சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர்தான் பிடிக்கும். வெறும் மழைத் தண்ணீரில் அவை சோர்ந்துவிடும். மோலி நின்ற இடத்திலேயே உடம்பை அசைத்துத் தள்ளாடும். கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஊற்றினால் இது சரியாகும். கூழாங்கல்லோடு இரண்டொரு சுண்ணாம்புக் கல்லும் போட்டு வைக்கலாம். கல்லின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரை பொங்குவது சுண்ணாம்புக் கல்லுக்கு அடையாளம். மோலியை மட்டும் தனியாக வளர்ப்பவர்கள் சிறிது உப்பும் சேர்க்கலாம்.

யாரோடு யார்

பலவகை மீன்கள் ஒன்றாக வாழும் தொட்டி ஒரு குடித்தனக்காரர் வீட்டைப் போன்றது. எல்லோரும் ஒத்துப்போகிறவர்களாக இருக்க வேண்டும். 50 லிட்டரில் எட்டுக் கப்பி, நான்கு பிளாட்டி நிம்மதியாக இருக்கும். வாள்வாலும் பெரிய மோலியும் நான்கு அங்குலம் வரை வளர்பவை. அவற்றுக்கு மூன்றடித் தொட்டியாவது வேண்டும். கூட ஐந்தாறு வரிக்குதிரை மீன் விடலாம்; சாதுவானவை.

சேர்க்கக் கூடாதவை சில உண்டு. ஃபைட்டர் மீன் கப்பியின் பெரிய வாலைப் பார்த்துப் போட்டிக்காரன் என்று எண்ணிப் பாயும். டைகர் பார்ப் வாலைக் கடித்துக் கடித்துக் கந்தலாக்கும். ஏஞ்சல் மீன் சிறு கப்பியை விழுங்கும். தங்க மீன் குளிர்ந்த தண்ணீர் ஜாதி, கழிவும் அதிகம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் கறுப்புக் கெளுத்தி சின்னதாக இருக்கும்போது அழகு. வளர்ந்தால் ஓரடியைத் தாண்டிவிடும். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஏரியில் விட்டவர்களால் தமிழ்நாட்டு ஏரிகள் சிலவற்றில் அது பெருகி, வலையையும் கிழித்து, வலைஞர் பிழைப்பையும் கெடுக்கிறது.

புதிதாக வாங்கிய மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பைக்குள் விட்டுப் பழக்க வேண்டும். பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரை ஊற்றக்கூடாது. முடிந்தால் இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நோய் பரவாமல் காக்கும்.

தீனி நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். பசியால் சாகிற மீனைவிட, போட்ட தீனி அழுகிச் சாகிற மீனே அதிகம்.

லீவில் போகும்போது

ஊருக்குப் போகிறவர் மீனை என்ன செய்வது? சென்னைக்குக் கப்பலில் போகவே மூன்று நாள் பிடிக்கும். போனால் ஒரு மாதம் கழித்துத்தான் வருவார். வளர்ந்த மீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டாரைத்தான் நம்ப வேண்டும். அவரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால் பிரியம் மிகுதியால் ஒரே வாரத்தில் டப்பாவைக் காலி செய்துவிடுவார். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, இரண்டு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று எண்ணிக் கொடுப்பதே வழி. டப்பாவை ஒளித்து வைத்துவிட வேண்டும்.

மின்சாரம் நின்றால் காற்றுக் குழாயும் நிற்கும். மீன் அளவாக இருந்தால் சில மணி நேரம் பாதகமில்லை. நெடுநேரமானால் ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினால் பிராணவாயு கலக்கும். கூட்டமாக மீன் வைத்திருப்பவர்தான் பயப்பட வேண்டும்.

பெருகும் கணக்கு

இனிதான் முக்கியமான விஷயம். ஆண், பெண் அடையாளம் சுலபம். ஆணின் அடிவயிற்றுத் துடுப்பு குச்சி போல ஒடுங்கியிருக்கும். பெண்ணுக்கு விசிறி போல விரிந்திருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விடாவிட்டால் ஆண்கள் துரத்தியே பெண்ணைச் சாகடித்துவிடும்.

பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும். வளர்ந்த தாய் 20 முதல் 50 குட்டி வரை போடும். வாள்வாலும் மோலியும் சில சமயம் நூறையும் எட்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் பல மாதம் ஈற்றுமேல் ஈற்றாகக் குட்டி போடும். 'பெண் மீன் மட்டுந்தானே வாங்கினேன், குட்டி எப்படி வந்தது?' என்று ஆச்சரியப்படுபவர்களுக்கு விடை இதுவே.

ஒரு தாய் மாதம் 30 குட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஈற்றில் பாதி, அதாவது 15, பெண். மூன்று மாதத்தில் அவையும் தாயாகத் தயார். இளம் தாய் பத்துக் குட்டிதான் போடும் என்றாலும் நான்காம் மாதம் 150 குட்டி. தாய் போட்டது தனி. எல்லாம் பிழைத்தால் 50 லிட்டர் தொட்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஆகிவிடும். எல்லாம் பிழைப்பதில்லை; பெற்றவளே பிள்ளைகளைத் தின்றுவிடுவாள். குட்டிகளைக் காக்க விரும்புவோர் பாசியும் மிதக்கும் செடியும் நிறையப் போடுகிறார்கள், தனிப் பாத்திரத்தில் பிரித்தும் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் காப்பாற்றிய குட்டிகளை எங்கே வைப்பது?

அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் அவர்கள் வீட்டிலும் நிறைந்துவிடும். அப்போதுதான் வருகிறது ஆபத்தான யோசனை: 'பாவம், உயிரல்லவா? ஓடையில் விட்டுவிடுவோம்.'

ஓடையில் விட்டால் என்ன?

இரக்கத்தால் செய்கிற இந்தக் காரியம், தீவில் பெரும் தீங்காக முடியும். வயதான தமிழர்களுக்கு இதை விளக்க ஒரு பெயர் போதும்: ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்தத் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான மீன் என்பது நோக்கம். குளத்துக்குக் குளம் பரவி, நாட்டுக் கெண்டையையும் குறவையையும் ஒதுக்கித் தள்ளியதை ஊரில் தூண்டில் போட்ட எவரும் கண்ணால் பார்த்திருப்பார்கள். உலகத்தின் மிக மோசமான நூறு ஊடுருவும் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் ஜிலேபிக் கெண்டை இருக்கிறது. அதே பட்டியலில் கப்பியின் நெருங்கிய உறவான கம்பூசியாவும் இருக்கிறது.

கம்பூசியாவையும் கப்பியையும் கொசு ஒழிக்க அரசாங்கமே கிணற்றில் விட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். கப்பி 1910-ஐ ஒட்டிய வருஷங்களிலும், கம்பூசியா 1928-ஐ ஒட்டியும் இந்தியாவுக்கு வந்தன. மலேரியாவை எதிர்க்க அவை பயன்பட்டன, இன்றும் பயன்படுகின்றன. கிணறு, தொட்டி போன்ற அடைபட்ட தண்ணீரில், இலாகாவினர் பார்த்து விடுவது ஒன்று. ஓடுகிற ஓடையில் ஆளாளுக்கு விடுவது வேறொன்று. ஓடைக்குப் போன மீனைத் திரும்ப அழைக்க முடியாது.

அந்தமானில் பெரிய ஆறுகள் இல்லை, சிற்றோடைகளே அதிகம். அவற்றில் வாழும் மீன்களுக்குப் போக வேறிடம் இல்லை. கொசுப் புழுவைத் தின்கிற சின்ன மீன் அங்கேயே பிறந்து வளர்ந்ததும் உண்டு. நம்மூரில் முண்டக்கண்ணி என்போமே, தலையில் பளிச்சென்று வெள்ளிப் புள்ளி மின்னும் அந்த ஜாதிதான். அந்தமானின் பெயரையே தாங்கிய ஒரு வகையை 1906-லேயே விஞ்ஞானிகள் விவரித்திருக்கிறார்கள். கொசுவைத் தின்ன வெளியூர் மீன் வேண்டும் என்ற நிலை ஓடைகளுக்கு இல்லை. வந்த மீனோ கொசுப் புழுவோடு நிற்காது. உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் சேர்த்தே தின்னும்.

ஃபீனிக்ஸ் பேயில் இன்னொரு தவறான சமாதானமும் சொல்லிக்கொள்ளத் தோன்றும். 'சாக்கடை கடலுக்குத்தானே போகிறது, உப்புத் தண்ணீரில் செத்துவிடும்.' மோலி சாகாது. மெல்ல மெல்லப் பழகினால் முழுக் கடல் நீரிலும் மோலி வாழும். கப்பியும் ஓரளவு உப்பைத் தாங்கும். சாக்கடை கடலில் கலக்கும் இடத்தின் சவர்த் தண்ணீரும், அலையாத்திக் காட்டுக் கழியும் மோலிக்குச் சொந்த வீடு மாதிரி.

தொட்டிச் செடிகளுக்கும் இதே விதி. ஆகாயத் தாமரையும் பாசியும் வாய்க்காலில் விழுந்தால் வாய்க்கால் அடைபடும். வெட்டிய செடியை வெயிலில் காய வைத்துக் குப்பையில் சேர்ப்பதே சரி.

செய்ய வேண்டியது

வழிகள் எளியவை. முதலாவது, ஆண் மீன்களை மட்டும் வாங்குவது. கப்பியில் நிறமும் பெரிய வாலும் ஆணுக்கே. பத்து ஆண் கப்பி விட்ட தொட்டி ஆடிப் பெருக்குக் கூட்டம் போல நிறம் நிறைந்திருக்கும். குட்டித் தொல்லை அடியோடு இல்லை. லீவில் போகிறவருக்கும் நிம்மதி.

இரண்டாவது, குட்டி பார்க்க ஆசையென்றால் ஒரு ஈற்று, இரண்டு ஈற்று வரை காப்பாற்றிவிட்டு, பிறகு பாசியைக் குறைத்துவிடுவது. இயற்கை தன் கணக்கைத் தானே சரி செய்துகொள்ளும். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் ஓடையைக் கெடுப்பதைவிட இது மேல். குட்டிகள் ஆறேழு வாரத்தில் ஆண், பெண் அடையாளம் காட்டத் தொடங்கும்; அப்போதே பிரித்துவிட வேண்டும். வாள்வாலில் மட்டும் ஓர் எச்சரிக்கை. சில ஆண்களுக்கு வாள் மிகத் தாமதமாக முளைக்கும். பெண் ஆணாக மாறிவிட்டது என்று சொல்லுவது இதனால்தான்.

மூன்றாவது, மிஞ்சிய கப்பிக்கு வீட்டிலேயே வேலை கொடுப்பது. குழாய் தினமும் வராத ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் துவைக்க, புழங்க சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது. டெங்குக் கொசு முட்டையிட விரும்புகிற இடம் அதுவே. வாய்க்காலோடு தொடர்பில்லாத அந்தத் தொட்டியில் நான்கைந்து கப்பியை விட்டால் புழு மிஞ்சாது. தொட்டி கழுவும்போது மீன் சாக்கடைக்குப் போகாமல் முதலில் வலையால் எடுத்துவிட வேண்டும். குடிதண்ணீர்ப் பாத்திரத்தை மூடி வைப்பதே சரி. அதற்கு மீன் வேண்டாம்.

நான்காவது, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது. நன்றாக வளர்ந்த மீனைப் பல கடைகள் தீனிக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளும். பெரிய அளவில் வளர்த்து விற்க நினைப்பவர்கள் மீன்வளத் துறையிடம் யோசனை கேட்கலாம். போர்ட் பிளேயருக்கு அருகே கராச்சர்மாவில் 1978 முதல் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் மீன் வளர்ப்புப் பிரிவு உண்டு. மீன் செத்தால் கழிப்பறையிலோ சாக்கடையிலோ போடாமல் செடியடியில் புதைத்துவிடலாம்.

அந்தமானில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, எந்த ஊரில் பிழைக்கப் போயிருக்கும் தமிழருக்கும் இது பொருந்தும். வந்த ஊரின் தண்ணீரை நாம் குடிக்கிறோம். நம் மீனும் அதில்தான் நீந்துகிறது. வாரம் ஒரு வாளி அளந்து ஊற்றுகிற அக்கறை, மிஞ்சிய குட்டியை வாசலைத் தாண்டவிடாத அக்கறையாகவும் இருக்கட்டும். இன்று தொட்டி வாங்கப் போகிறவர் கடையில் ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: 'ஆண் கப்பியாகப் பார்த்துப் பிடித்துக் கொடுங்கள்.'